வீட்டு ஜிம் யாருக்கு?

2020 மார்ச்சில் மூடிய ஜிம்கள் தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 10ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட நாட்களில் திண்டுக்கல் ஊருக்குள் எத்தனை வீடுகளில் இரும்பு நுழைந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இன்றைக்கு ஒரு மொட்டை மாடியில் நின்று சுற்றிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ரெக்சின் கிழிந்த பெஞ்ச் கிடக்கும். மாடிப்படித் திருப்பத்தில் போர்வை போர்த்திய ட்ரெட்மில் நிற்கும். ரோஜாத் தொட்டிக்கு முட்டாக ஐந்து கிலோ தட்டு ஒன்று இருக்கும். அடுத்த வீட்டைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் வீட்டு ட்ரெட்மில்லில் வடகம் ஒன்றுதான் காயவில்லை, மற்றதெல்லாம் காய்ந்தது.

சோம்பேறித்தனம் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சாமான்கள் யார் கேட்டு வாங்கியவை என்று விசாரித்தால் வேறு கதை வருகிறது. பெரும்பாலும் கேட்டவன் பதினெட்டு, இருபது வயதுப் பையன். அவனுக்கு ஜிம் என்றால் சுவர் நிறையக் கண்ணாடி, காதைக் கிழிக்கும் பாட்டு, பின்னால் நின்று "இன்னொண்ணு போடு மாப்ள" என்று கத்தும் கூட்டாளி, முடிந்ததும் டீக்கடை. இவற்றில் வீட்டுக்குத் தூக்கிவர முடிந்தது இரும்பு ஒன்றைத்தான். ஜிம் திறந்ததும் அவன் கிளம்பிப் போய்விட்டான். போனதும் நல்லதுதான். அந்த வயதுக்கு வாத்தியாரும் வேண்டும், போட்டிக்கு ஆளும் வேண்டும். 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கம் வேலூர் சத்துவாச்சாரிக்காரர். அவருடைய அப்பாவும் பளு தூக்கியவர். தூக்குகிறவர்கள் நடுவே வளர்ந்து வந்த பிள்ளை அவர்; தனி அறையில் தானாகத் தூக்கிப் பழகியவர் அல்ல.

பையன் கிளம்பிப் போன வீட்டில் மிச்சம் இருப்பவர் அவனுடைய அம்மா. நாற்பத்தைந்து, ஐம்பது வயது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுகிறார். தரையில் உட்கார்ந்தால் எழ ஒரு கை வேண்டும். மாத்திரை டப்பாவில் சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. அவர் ஜிம்முக்குப் போகப் போவதில்லை. நேரம் இல்லை, உடுப்பு சங்கடம், "அங்கல்லாம் பசங்க இருப்பாங்க" என்ற தயக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. வரி இறங்கியதால் அவர் வாசல் தாண்டப் போவதில்லை. வீட்டு ஜிம் என்று ஒன்று அமைப்பதானால் அது அவருக்காகத்தான் அமைய வேண்டும் என்பது என் கட்சி. அப்படி நினைத்துத் தொடங்கினால் இடம், சாமான், வாங்கும் வரிசை எல்லாமே மாறிவிடுகிறது.

கல்லும் கட்டையும்

வீட்டுக்குள் பயிற்சிச் சாமான் வருவது புதுசு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே யூஜின் சாண்டோ என்ற பிரஷ்யப் பயில்வான், ஸ்பிரிங் வைத்த டம்பெல்லையும் கதவில் மாட்டி இழுக்கும் ரப்பர் கயிற்றுக் கருவியையும் வீட்டில் பயிற்சி செய்பவர்களுக்கு விற்றுக் காசு பார்த்தார். 1904-05இல் இந்தியாவுக்கும் வந்து மேடையேறினார். அவர் கருவி நம்மூரில் மறைந்துவிட்டது. பேர் மட்டும் தங்கிவிட்டது. கையில்லாத உள்பனியன் இன்றும் நமக்குச் சாண்டோ பனியன்தான். கோயம்புத்தூரில் உடம்பை வளர்த்துப் பின்னால் படமெடுத்த சின்னப்பா தேவருக்கும் அதே பேர் முன்னொட்டாயிற்று.

எதிர்த்திசையிலும் ஒரு சரக்கு போனது. நம் கர்லாக்கட்டையின் வகையறாவை இங்கே பார்த்த வெள்ளைக்காரப் பட்டாளத்தார் அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதை இந்தியக் கட்டை என்றே சொல்லிச் சுற்றின. 1904 செயின்ட் லூயிஸிலும் 1932 லாஸ் ஏஞ்சலஸிலும் அது ஒலிம்பிக் போட்டியாகவே நடந்தது. இங்கே அது தேகப்பயிற்சிசாலையின் மூலையில் ஆஞ்சநேயர் படத்துக்குக் கீழே சாய்ந்து கிடந்தது. இப்போது அந்தச் சாலைகளே குறைந்துவிட்டன. கடைசல் பட்டறையில் சொன்னால் வைரம் பாய்ந்த மரத்தில் ஒரு ஜோடி கடைந்து தருவார்கள். தோள்மூட்டு இறுகிப்போய்ச் சேலைத் தலைப்பைப் பின்னால் எடுத்துவிட முடியாமல் தவிப்பவர்களுக்கு ஒன்றரை, இரண்டு கிலோக் கட்டை நல்ல துணை. நாலைந்து கிலோவில் தொடங்கினால் அதுவே வினை.

தென்மாவட்டங்களின் பழைய வலுச் சோதனை இளவட்டக்கல். உருண்டையாக, வழவழப்பாக, பிடிக்க ஒரு விளிம்பு இல்லாமல் சாவடிப் பக்கம் கிடக்கும். கட்டிக்கொள்ள வந்தவன் அதைத் தூக்கித் தோளுக்கு மேலே போட்டால்தான் பெண் என்பது வழக்கம். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்குப் பொங்கல் இன்றும் தூக்குகிறார்கள். நூறு கிலோவைத் தாண்டிய கல்லும் அங்கே உண்டு, பெண்களும் தூக்குகிறார்கள். ஆனால் பொதுவாக இந்த வலுவெல்லாம் தெருவில் நடந்தது, ஆண்களுக்காக நடந்தது.

வீட்டுக்குள் நடந்ததற்கு வலு என்று யாரும் பேர் வைக்கவில்லை. ஆட்டுக்கல், அம்மி, உலக்கை, கிணற்று ராட்டினம், இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். திண்டுக்கல் ஊர் குடிதண்ணீருக்கு ஆத்தூர் காமராஜர் அணையை நம்பியிருந்த காலத்தில் அணை வற்றினால் தெருக்குழாயில் குடத்தோடு நின்றது யார் என்பதை ஊரே அறியும். பதினைந்து லிட்டர் குடம் நிறைந்தால் பதினைந்து கிலோ. ஒரு நாளைக்குப் பத்து நடை. பிறகு மோட்டார் வந்தது, குழாய் வீட்டுக்குள் வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் ஏழை வீட்டு அடுப்படிக்கும் வந்தன.

"அந்தக் காலத்துல அம்மி அரைச்சாங்க, ஆரோக்கியமா இருந்தாங்க" என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பேசுகிறவர் அரைத்தவர் அல்ல. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை ஏற்றுகிறவர்களைப் பாருங்கள். வலுவுக்குக் குறைவில்லை, ஆனால் முழங்காலும் முதுகும் ஓய்வு கேட்கும்போது லாரி கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிடும். எடை எவ்வளவு, எத்தனை முறை, எப்போது நிறுத்துவது என்பதைத் தூக்குகிறவரே தீர்மானித்தால் அது பயிற்சி. வேறொருவர் தீர்மானித்தால் அது உழைப்பு. அம்மியும் உரலும் போனதற்கு வருந்த வேண்டாம். அவை போன இடத்தில் எதுவும் வராமல் காலியாகக் கிடப்பதுதான் பிரச்சினை.

நடை மட்டும் போதாது

விடிகாலையில் மாவட்ட விளையாட்டரங்கத்துப் பக்கம் போனால் நடக்கிறவர்களைப் பார்க்கலாம். பௌர்ணமிக்கு மலைக்கோட்டையைச் சுற்றிக் கிரிவலம் வருகிறவர்களும் உண்டு. டாக்டர் சொன்னது நடை, அதைச் செய்கிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு என்பது முதலாவது. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் பெரிய தசைகளுக்கெல்லாம் வலுப்பயிற்சி என்பது இரண்டாவது. இரண்டாவது வாக்கியம் நம் வீடுகளுக்கு வந்து சேரவே இல்லை.

நமக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதலாக வேண்டும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஞ்னிக் பல வருஷமாகச் சொல்லிவருவது: இந்தியர்கள் பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. ஒரே உயரமும் ஒரே எடையும் உள்ள ஐரோப்பியரைவிட நம் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு கூடுதல். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். பாத்திரமே சின்னதாக இருந்தால் மிச்சம் வழியத்தான் செய்யும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' (INDIAB) ஆய்வு 2023இல் சொன்ன கணக்கு, நாட்டில் நீரிழிவுக்காரர்கள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. "எங்க அம்மா ஒல்லிதானே" என்பது பதில் ஆகாது.

வயதானபின் தசை வருமா? பாஸ்டனில் நடந்து 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதைச் சுற்றிய பத்துப் பேருக்குக் காலுக்கு மட்டும் கடுமையான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரம் தாக்குப்பிடித்தவர்களின் கால்வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பாதியினர் வாரம் இரண்டு நாள், நாளுக்கு அரை மணி என்று எட்டு மாதம் பார் தூக்கினார்கள். கனமான எடைதான், வாத்தியார் பக்கத்தில் நின்றார். முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. எலும்பு தேய்ந்தவர் எதையும் தூக்கக்கூடாது என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததற்கு நேர் எதிர்.

வீட்டு ஜிம்முக்கு எதிரான சாட்சியையும் மறைக்கக் கூடாது. மெல்போர்னில் 60 முதல் 80 வயதுக்குள் இருந்த நீரிழிவுக்காரர்களுக்கு ஆறு மாதம் கண்காணிப்போடு எடைப் பயிற்சி நடந்தது. அவர்களுடைய மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதாவது ஹெச்பிஏ1சி, 1.2 புள்ளி இறங்கியது. ஒரு மாத்திரைக்குச் சமமான இறக்கம் அது. அடுத்த ஆறு மாதம் அதே ஆட்களை வீட்டிலேயே செய்யச் சொன்னார்கள். கூடிய வலு நின்றது; சர்க்கரையில் கிடைத்த ஆதாயம் கரைந்துபோனது. வீட்டுக்குப் போனதும் பயிற்சியின் அளவும் கடுமையும் தளர்ந்துவிட்டன என்பதே ஆய்வு செய்தவர்கள் சொன்ன காரணம். அங்கே டம்பெல் இல்லாமல் போகவில்லை. பார்க்க ஆள் இல்லாமல் போனது. வீட்டில் ஜிம் வைக்கிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். இதற்குப் பிற்பாடு திரும்பி வருகிறேன்.

தறி நின்ற அறை

நாகல் நகரிலும் சின்னாளபட்டியிலும் நெசவு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நல்ல வெளிச்சமான முன்னறை தறிக்கு, மிச்சம் மனுஷருக்கு. தறி போன வீடுகளில் அந்த அறையை இன்று பீரோவும் பழைய சைக்கிளும் அடைத்திருக்கின்றன. ஒரு தறிக்கு இடம் விட்ட வீட்டில் ஆறுக்கு எட்டு அடி ஒதுக்குவது பெரிய காரியமல்ல. டம்பெல், ஸ்டூல், ரப்பர் பட்டை வைத்துச் செய்ய அவ்வளவு போதும். ஏழடி பாரும் ஸ்டாண்டும் வேண்டுமானால் பத்துக்குப் பத்து.

உயரத்தைப் பலரும் மறக்கிறார்கள். ஐந்தரை அடி ஆள் கையை உயர்த்தினால் ஏழடி; பெரிய தட்டின் ஆரம் முக்கால் அடி. பரணுக்கு அடியில் நின்று பாரை மேலே தள்ளினால் முதலில் உடைவது பரண். குழித்தறி இருந்த அறையானால் குழியை எதைப் போட்டு மூடினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலகை போட்டுச் சிமெண்ட் பூசியிருந்தால் அந்த இடத்தில் எடை வேண்டாம்.

"மாடியில வெச்சா சீலிங் தாங்குமா?" என்ற கேள்விக்கு எண்ணிலேயே பதில் உண்டு. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, வீட்டு அறையின் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, ஆள் ஏறும் மொட்டை மாடிக்கு 150 கிலோ, உடற்பயிற்சிக் கூடத்துக்கு 400 கிலோ என்று சுமை கணக்கிடச் சொல்கிறது. எட்டுக்கு எட்டு அடி இடத்தில் ஸ்டாண்டு 80 கிலோ, தட்டுகள் 150, ஆள் 80 என்று வைத்தாலும் மொத்தம் 310. ஆறு சதுர மீட்டரில் பிரித்தால் மீட்டருக்கு ஐம்பத்துச் சொச்சம்தான். கான்கிரீட் தளம் நிதானமாகத் தாங்கும். ஆனால் இது அசையாமல் வைத்த எடையின் கணக்கு. தூக்கிய பாரைக் கீழே போடும்போது தளத்தில் விழும் அடி அதன் எடையைப்போலப் பல மடங்கு. மாடியில் தூக்கலாம், போடக் கூடாது. மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய மச்சு வீடானால் யோசனையே வேண்டாம்; தரைத்தளம்தான். ஒட்டுச்சுவர் வீடுகளில் காலை ஐந்தரைக்குத் தட்டு உருட்டினால் பக்கத்து வீட்டு அத்தை தட்டாமலே உள்ளே வருவார்.

தரைக்கு விற்கும் ஜிம் மேட்டின் விலையைக் கேட்டுவிட்டு நான் போனது தீவனக் கடைக்கு. மாட்டுத் தொழுவத்தில் போடும் ரப்பர் பாய், ஆறரைக்கு நாலு அடி, முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான கனம். நானூறு கிலோ மாடு படுத்து எழுந்தாலும் கிழியாதது நமக்கு எம்மாத்திரம்? ஒரு வாரம் வெயிலில் போட்டு ரப்பர் வாடையை விரட்டுங்கள். கட்டம் கட்டமாகக் கோத்துப் போடும் பஞ்சு மேட் டம்பெல்லுக்கு அடியில் அமுங்கிப்போய்க் காலை இடறும். வயதானவர்கள் நிற்கிற இடத்தில் அது ஆகாது.

தகர ஷீட் போட்ட மாடி ஷெட்டில் ஜிம் என்பது இந்தச் சமவெளி வெயிலுக்குச் சரிவராத ஆசை. ஏப்ரல், மே மாத மதியத்தில் அதற்குள் நுழைந்தாலே வேர்வை ஊற்றும். சிறுமலைக் காற்று அந்த ஷீட்டுக்குள் வராது. கிழக்கோ வடக்கோ ஜன்னல் உள்ள கீழறை, ஒரு டேபிள் ஃபேன், விடிகாலை. அவ்வளவு போதும்.

இரும்பு

திண்டுக்கல்காரனுக்கு இரும்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கையால் செய்த மாங்காய்ப் பூட்டுக்குப் பேர் வாங்கிய ஊர். 2019இல் புவிசார் குறியீடும் வந்தது. அலிகாரிலிருந்து வந்த மலிவான மெஷின் பூட்டுகள் அந்தத் தொழிலை ஒடுக்கிவிட்டன. ஆனால் வெல்டிங் பட்டறைக்கும் லேத்துக்கும் ஊரில் பஞ்சமில்லை. மீரட்டிலும் ஜலந்தரிலும் செய்து பெட்டியில் வரும் ஸ்டாண்டைவிட நம் கண்முன்னால் ஒட்டிய ஸ்டாண்டை நான் நம்புவேன். ஒரு நிபந்தனை: பட்டறைக்காரர் ஜன்னல் கிரில் அடிக்கிற பைப்பில் அதைச் செய்துவிடக் கூடாது.

நான் படம் வரைந்துகொண்டு போனபோது பட்டறை அண்ணன் முதலில் கேட்டது, "இதுல எவ்வளவு வெயிட்டுண்ணே ஏறும்?" நூற்றிருபது கிலோ என்றேன். "விழுந்து எழுந்தாலா, சும்மா வெச்சாலா?" நல்ல தொழில்காரர் கேட்கிற கேள்வி. இரண்டுக்கு இரண்டு அங்குலச் சதுரப் பைப், சுவர்க் கனம் குறைந்தது இரண்டரை மில்லி, அடியில் அகலமான கால், பார் தவறினால் தாங்க இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பி என்று அவரே சொன்னார். இந்தக் குறுக்குக் கம்பி இல்லாத ஸ்டாண்டை யார் ஓசியில் தந்தாலும் வாங்காதீர்கள்.

பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரைத் தள்ளும் பயிற்சியில் தனியாக இருப்பவர்கள் நெஞ்சிலும் கழுத்திலும் பார் இறங்கிச் செத்திருக்கிறார்கள். தட்டு நழுவாமல் பாரின் முனையில் போடும் பிடிக்கு ஜிம்மில் லாக் என்று பேர். தனியாகப் படுத்துத் தள்ளும்போது மட்டும் லாக்கைப் போடாதீர்கள். தூக்க முடியாமல் போனால் பாரை ஒரு பக்கம் சாய்த்துத் தட்டைச் சரியவிட்டுத் தப்பிக்கலாம். பூட்டு ஊரில் இருந்துகொண்டு பூட்டாதே என்று எழுத வேண்டியிருக்கிறது. அதைவிட நல்லது, வீட்டில் தனியாக அந்தப் பயிற்சியே வேண்டாம். சுவரிலோ மேசை விளிம்பிலோ கை ஊன்றித் தள்ளும் தண்டால் அம்மாவுக்கும் போதும், மகனுக்கும் தரையில் போட்டால் போதும்.

ஆன்லைனில் இருபது கிலோ என்று மலிவாக வருபவை பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிமெண்ட் அடைத்த தட்டுகள். கெட்டவை என்று சொல்லமாட்டேன்; இடம் அடைக்கும், கீழே விழுந்தால் வெடித்து அறையெல்லாம் தூள். எழுதியிருக்கும் எடையை நம்ப வேண்டாம். நான் வாங்கிய ஜோடியை வெங்காய மண்டியில் எடைபோட்டபோது ஐந்து கிலோ என்று அச்சிட்ட இரண்டு தட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. மண்டிக்காரர் சிரித்தார்: "எங்கள மட்டும் முத்திரை வெச்ச கல்லு கேக்குறீங்க." வார்ப்பிரும்புத் தட்டு கிலோக் கணக்கில் விற்கும், பெயிண்ட் உரிந்தாலும் எடை உரியாது. மூடிய ஜிம்மின் பழைய தட்டுகள் கிடைத்தால் விடாதீர்கள். காயலாங்கடையில் கூட எனக்கு ஒரு ஜோடி கிடைத்தது. ஒலிம்பிக் பார் என்றால் ஆண்களுக்கு இருபது கிலோ, பிடிக்கும் இடம் 28 மில்லி. பெண்களுக்குப் பதினைந்து கிலோ, 25 மில்லி. இந்த மூன்று மில்லி சின்ன உள்ளங்கைக்குப் பெரிய வித்தியாசம். பையனுக்கு வாங்கிய பாரை அம்மா தொடாததற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

அவருக்கு வேண்டியது எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தால் பட்டியல் சிரிப்பாக இருக்கும். முதுகு சாயாத உறுதியான மர ஸ்டூல். இரண்டு, மூன்று, ஐந்து கிலோ டம்பெல் ஜோடிகள். இரண்டு தடிமனில் ரப்பர் பட்டை, அதை மாட்ட ஜன்னல் கம்பியில் அல்லாமல் சுவரில் அடித்த ஒரு கொக்கி. மாட்டுப் பாய். பிறகு, ஆறு மாதம் தாண்டியபின், அந்தப் பதினைந்து கிலோ பார்.

ட்ரெட்மில்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். தெருவில் நடக்க முடியாத நிலைமை உள்ளவருக்கு மட்டும் விதிவிலக்கு. கரண்ட் செலவு பயப்படுமளவு இல்லை. அரை மணி நடந்தால் அரை யூனிட்டுக்குள் முடியும். ஆனால் 16 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் வேண்டும், பெல்ட்டுக்கு அடியில் சிலிகான் எண்ணெய் விட வேண்டும், நம் ஊர்த் தூசியைத் துடைக்க வேண்டும். எங்களுடையது நின்றபோது பார்க்க ஆள் மதுரையிலிருந்து வந்தார். வந்த செலவில் ஒரு ஜோடி செருப்பு வாங்கி இரண்டு வருஷம் மலைக்கோட்டையைச் சுற்றியிருக்கலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்னொரு பயமும் உண்டு. 2021 மேயில் பெலோட்டான் நிறுவனம் ஒரு குழந்தை இறந்தபின் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ட்ரெட்மில்களைத் திரும்பப் பெற்றது. வைத்திருக்கிறவர்கள் பயிற்சி முடிந்ததும் சாவியைக் கழற்றி உயரத்தில் மாட்டுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள்.

பார்க்க ஓர் ஆள்

மெல்போர்ன் ஆய்வுக்குத் திரும்புகிறேன். வீட்டில் தளர்ந்துபோவது ஆட்களின் குணக்கேடு அல்ல. அடுப்பில் பால் பொங்குகிறது, வாசலில் கீரைக்காரி கூப்பிடுகிறார், பேரன் அழுகிறான். வீடு என்பது பெண்ணை எந்த நிமிடமும் கூப்பிடலாம் என்ற உரிமையோடு இருக்கிற இடம். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் அந்த உரிமையை மற்றவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். என் கணக்கில் இதுதான் வீட்டு ஜிம்மின் விலையுயர்ந்த சாமான். இதை எந்தக் கடையிலும் தள்ளுபடியில் தரமாட்டார்கள்.

நான் பார்த்தவற்றில் நிலைத்து நின்ற வீட்டு ஜிம்மில் கண்ணாடிகூட இல்லை. ஒரே சந்தில் இருக்கும் மூன்று வீட்டுப் பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் ஒரு வீட்டு முன்னறையில் சேர்கிறார்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் பழகிய பழக்கம். வராதவரைப் போய்க் கூப்பிடுவார்கள். சுவரில் ஆணியடித்து ஒரு நாற்பது பக்க நோட்டுத் தொங்குகிறது. தேதி, எத்தனை கிலோ, எத்தனை முறை. குழுக் கணக்கு எழுதுகிறவரே இதையும் எழுதுகிறார். ஒருவர் இரண்டு கிலோவிலிருந்து மூன்றுக்குப் போனால் மற்ற இருவருக்கும் தெரியும். சேலையை இழுத்துச் செருகிக்கொள்கிறவர் உண்டு, நைட்டிக்கு மேலே துண்டு போட்டுக்கொள்கிறவர் உண்டு. யாரும் லெக்கின்ஸ் வாங்கவில்லை.

அவர்கள் செய்வது ஐந்தே அசைவு. ஸ்டூலில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, அதாவது பாதி பஸ்கி. சுவரில் தண்டால். பட்டையை நெஞ்சுக்கு இழுப்பது. இடுப்பை மடக்கி முதுகை நேராக வைத்துத் தரையிலிருக்கும் எடையை எடுப்பது. இரண்டு கையிலும் எடையோடு கூடம் முழுக்க நடப்பது. கடைசி அசைவுக்கு அவர்களில் மூத்தவர் வைத்த பேர் "ரெண்டு குடம்". ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு சுற்று. பத்தாவது முறை சுலபமாக இருந்தால் அடுத்த வாரம் எடை ஏறும். இந்தக் கடைசி விதியை விட்டுவிட்டால் வருஷக்கணக்கில் இரண்டு கிலோவையே ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எச்சரிக்கையும் வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னாலே மூச்சு தானாக ஓடும். இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. கையெட்டும் தூரத்தில் சர்க்கரை இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு இரும்பு பக்கம் போகக் கூடாது, காலில் பட்ட காயம் அவருக்கு லேசில் ஆறாது. நெஞ்சுவலி வந்தவர், கண்ணில் ரத்தக் கசிவு என்று சொல்லப்பட்டவர், முதுகெலும்பு நொறுங்கியவர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மூட்டுத் தேய்மானம் என்று சொன்னவர்கள் பயந்து ஒதுங்க வேண்டாம். வலி கூடாத உயரத்துக்கு ஸ்டூலில் ஒரு தலையணை போட்டால் போதும்.

கடைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். இன்று மாலை உங்கள் அம்மாவையோ அத்தையையோ, சுவரோரம் போட்ட, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவையுங்கள். கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். செல்போனில் 30 வினாடி வைத்து, முழுக்க எழுந்து நின்று உட்காருவது எத்தனை முறை என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தால், 65 முதல் 69க்குப் பதினொன்றுக்குக் குறைந்தால் கால்வலு சராசரிக்குக் கீழே, விழுந்துவிடும் ஆபத்து உண்டு என்று கொள்கிறார்கள். வந்த எண்ணை ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதி ஆணியில் மாட்டுங்கள். மறுநாள் அந்த ஸ்டூலையும் மாட்டுப் பாயையும் வாங்கப் போங்கள்.